கீற்று முறையும் சீல முறையும்



இவ்வுபோசத நாளில் யான் எடுத்துக்கொண்ட பொருள், சீன எழுத்துக்களை எழுதும் முறை. தம்ம உரைக்கு இஃது ஏற்ற பொருள்தானோ என்று உங்களிற் சிலர் ஐயுறலாம். சற்றே பொறுத்துக் கேட்பீராக.

நம் இளைஞர்கள் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று உண்டு. “பிறப்பின் பேரால் வரிசை வகுத்து, இன்னான் முன்னே நிற்க, இன்னான் பின்னே நிற்க என்று நம்மைத் தள்ளிவைத்த சமயத்தை விட்டு வந்தோம். இங்கும் முறை, விதி, வரிசை என்றால் விட்டு வந்ததன் பயன் யாது? உள்ளம் தூயதாயின் போதாதோ? முடிவில் நல்லவனாக இருந்தால் சரி. எதை முன் செய்தான், எதைப் பின் செய்தான் என்பது யாருக்கு வேண்டும்?” இதுவே அவ்வினா. இதனை இகழ்ந்து தள்ளுதல் தகாது. வடுப்பட்ட நெஞ்சிலிருந்து எழும் வினா இது. மழுப்பி விடை கூறுதலும் தகாது. இதற்கு விடை காணச் சீன எழுத்து எவ்வாறு உதவும் என்பதையே இங்குக் கூறப் புகுகின்றேன்.

முதற்கண், அவ்வெழுத்து நமக்கு அயலானதன்று. காஞ்சிமாநகரிலே தோன்றி நாளந்தைப் பல்கலைக்கழகத்தின் தலைமை ஏற்ற தருமபாலர் நம்மவர். அவர் இயற்றிய உரைகளின் வடமொழி மூலம் நமக்குக் கிடைத்திலது. கி. பி. 640-ஐ ஒட்டிக் காஞ்சிக்கு வந்த யுவான் சுவாங் தம் நாட்டிற்குத் திரும்பிச் செய்த மொழிபெயர்ப்புக்களிலே அவருடைய கருத்துக்கள் இன்று உயிர் வாழ்கின்றன. குண்டலகேசியை இழந்தோம், பிற நூல்களிலே சிதறிக் கிடந்த சில பாக்களே எஞ்சின. தமிழ்நாட்டுப் பௌத்தத்தின் கருவூலத்தில் ஒரு பகுதி சீனக் கீற்றுக்களுக்குள்ளே அடைபட்டுக் கிடக்கிறது. பெற்ற தாய் இழந்த நகையை அயல் வீட்டார் பேணி வைத்திருப்பது போன்றது இது.

இந்தப் புனே நகரிலும் அக்கருவூலத்தின் கதவு ஒன்று திறக்கப்பெற்றது. 1912 முதல் 1918 வரை இங்குப் பெர்குசன் கல்லூரியில் பாலி மொழி கற்பித்தவர் தர்மானந்த கோசாம்பி. அவர் 1902-இல் கொழும்பு வித்யோதய பிரிவேனையிலே சுமங்கல நாயக தேரரிடம் பயின்றவர். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1898-இல், நம் பண்டிதர் அயோத்திதாசர் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றதும் அத்தேரரிடமே என்பதை நீங்கள் அறிவீர்கள். கோசாம்பியாரின் மாணவர் பேராசிரியர் புருஷோத்தம விசுவநாத பாபட். அவர் பாலியோடு நிறைவடையவில்லை. பாலியில் மறைந்து சீனத்தில் மட்டும் நின்ற நூல்களைத் தேடிச் சீனமும் கற்றார். உபதிஸ்ஸ தேரர் அருளிய விமுத்திமார்க்கம் என்னும் நூலின் சீன மொழிபெயர்ப்பைப் புத்தகோசரின் விசுத்திமார்க்கத்தோடு வைத்து ஒப்பாய்ந்து 1937-இல் இந்நகரிலே வெளியிட்டார். 1956-இல் புத்தர் பரிநிப்பானத்தின் 2500-ஆம் ஆண்டு நிறைவையொட்டி வெளிவந்த தொகுப்பு நூலின் பதிப்பாசிரியரும் அவரே.

இனி எழுத்திற்கு வருவோம். சீனத்தில் நமக்குள்ளது போன்ற உயிரும் மெய்யும் இல்லை. ஒவ்வோர் எழுத்தும் ஒரு சொல் அல்லது சொல்லின் பகுதி. தூரிகையை ஒருமுறை தாளில் வைத்து எடுப்பதற்குள் விழும் வரையைக் கீற்று என்று கொள்வோம். ஒரே கீற்றால் ஆன எழுத்தும் உண்டு. இருபது முப்பது கீற்றுக்களால் ஆனதும் உண்டு. அவற்றை எழுதுவதற்கு ஒரு முறை வகுத்துள்ளனர். மேலுள்ளது முன், கீழுள்ளது பின். இடப்பக்கம் முன், வலப்பக்கம் பின். குறுக்குக் கீற்றும் நெடுக்குக் கீற்றும் வெட்டிக்கொள்ளுமிடத்துக் குறுக்கு முன், நெடுக்குப் பின். ஆகவே ‘பத்து’ என்னும் எழுத்தில் குறுக்கே ஒன்று இழுத்து, அதனை ஊடறுத்து மேலிருந்து கீழே ஒன்று இழுப்பர். ‘மனிதன்’ என்னும் எழுத்தில் இடப்புறம் சாயும் கால் முன். வலப்புறம் சாயும் கால் பின். ‘சிறிது’ என்பதில் நடு முன், இருபக்கத்துப் புள்ளிகள் பின். ‘நாடு’ என்பது நான்கு புறமும் மதில் சூழ்ந்த எழுத்து. மூன்று பக்க மதிலை முதலில் எழுப்பி, உள்ளிருப்பதை எழுதி, கடைசியிலேதான் அடிக்கோட்டால் வாயிலை அடைப்பர். ஆட்கள் உள்ளே சென்ற பின்பு கதவைச் சாத்துவது போல என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் மறக்க மாட்டார்கள்.

‘மார்க்கம்’ என்னும் எழுத்தை மட்டும் சற்று நின்று நோக்க வேண்டும். பாபட் ஆராய்ந்த விமுத்திமார்க்கத்தின் சீனப் பெயரிலும் அவ்வெழுத்தே வருகின்றது. அதன் உள்ளே இருப்பது ‘தலை’ என்னும் எழுத்து. இடப்புறத்தினின்று இறங்கி அடியிலே நீண்டு அதனைத் தாங்கி நிற்பது ‘நடத்தல்’ என்னும் உறுப்பு. இடப்பக்கம் முன் என்ற விதியின்படி நடையை முதலில் எழுத வேண்டும் அன்றோ? இங்கு விதி மாறுகின்றது. தலையை முதலில் எழுதி, அதனைச் சுமந்து செல்லும் நடையை இறுதியில் எழுதுகின்றனர். நல்ல காட்சி முன்னும் நல்ல செய்கை பின்னுமாக எண்வழி அமைந்திருத்தலை அறிந்த நமக்கு இது நயமாகவே தோன்றும். ஆயின் எழுதியவர்கள் நம் எண்வழியை நினைந்து இவ்வாறு அமைத்தாரல்லர். அவ்வெழுத்து பௌத்தம் சீனம் புகுதற்கு மிக முற்பட்டது. அழகான ஒப்புமை கிடைத்துவிட்டது என்பதற்காக வரலாற்றைத் திரித்தல் முசாவாதமாகும்.

‘புத்தர்’ என்னும் எழுத்திற்கு ஏழு கீற்றுக்கள். இடப்புறத்து ‘மனிதன்’ இரண்டு கீற்றால் முதலில் எழுதப்படும். வலப்புறத்துப் பகுதி ஐந்து. அவ்வலப்பகுதி பெரும்பாலும் ஒலி கருதி அமைந்தது. மனிதனை எழுதாமல் புத்தரை எழுதத் தொடங்க இயலாது. பகவரை மனிதராகக் காணுமாறு கற்றவர்கள் நாம். இதற்குமேல் இதனை விரிக்க வேண்டுவதில்லை.

எந்த முறையில் எழுதினும் இறுதியில் வடிவம் ஒன்றாகத்தானே இருக்கும் என்று வினவலாம். அச்செழுத்துப் போல ஒவ்வொரு கீற்றும் தனித்தனியே நிற்கும்போது அவ்வாறு தோன்றும். விரைந்து எழுதும்போது உண்மை வெளிப்படும். விரைவெழுத்தில் தூரிகை தாளை விட்டு எழாது. ஒரு கீற்றின் முடிவினின்று அடுத்த கீற்றின் தொடக்கத்திற்குத் தாவும்போது அத்தாவலும் ஒரு மெல்லிய வரையாக விழும். முறை தெரிந்தவன் அவ்வரையைக் கண்டு எழுத்தை அறிவான். முறை தவறி எழுதினவனுடைய விரைவெழுத்தோ பிறரால் படிக்கவொண்ணாத சிக்கலாகிவிடும். அவன் எழுதியது அவனுக்கே விளங்கும்; சில நாட் சென்றால் அவனுக்கும் விளங்காது.

மற்றொன்று, அகராதி. 1716-இல் காங்சி பேரரசர் காலத்தில் நிறைவுற்ற பேரகராதியில் 47,000-க்கு மேற்பட்ட எழுத்துக்கள் உள்ளன. அவற்றை 214 தலைமை உறுப்புக்களின் கீழ் வகுத்து, எஞ்சிய கீற்றுக்களின் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தினர். ‘வாய்’ என்னும் எழுத்து ஒரு சதுரம். நாம் பார்த்தால் நான்கு கோடு என்போம். எழுதும் முறையிலோ மூன்றே கீற்று. மேற்கோடும் வலக்கோடும் தூரிகையை எடுக்காமல் மடக்கி எழுதும் ஒரே கீற்று. நான்கு என்று எண்ணியவன் நான்கு கீற்று உறுப்புக்களிடையே நாள் முழுதும் தேடினாலும் வாயைக் காணான். அந்த நூல் முழுவதும் அவன் கையிலேயே இருக்கும், அவனுக்குப் பயன்படாது.

முறை என்பது எதற்காக என்பது இப்பொழுது விளங்கும். எழுதுகிறவனை அடக்குதற்காக அன்று. அவன் எழுதியது இன்னொருவனைச் சென்று சேர்தற்காக. நம் குழந்தையின் விரலைப் பிடித்து மணலிலே ‘அ’ எழுதுவிக்கும்போது, சுழியில் தொடங்கு என்று சொல்கிறோம். அது குழந்தையைத் தாழ்த்துவதாகுமா?

இனிப் பிறப்பு வரிசையைப் பற்றிய வினா. அதற்கு நேரான விடையைச் சீன எழுத்தே தருகின்றது. குறுக்குக் கீற்று ‘பத்து’ என்பதில் முதலில் எழுதப்படுகிறது என்றேன். ‘மண்’ என்னும் எழுத்தில் இரண்டு குறுக்கும் ஒரு நெடுக்கும் உண்டு. அங்கு மேற்குறுக்கு முதலிலும் அடிக்குறுக்கு இறுதியிலும் வரும். ஒரே வகைக் கீற்று ஓரிடத்தில் தலையாகவும் ஓரிடத்தில் கடையாகவும் நிற்கின்றது. குறுக்காகப் பிறந்த காரணத்தால் என்றும் முன் நிற்கும் உரிமை அதற்கு இல்லை. நெடுக்காகப் பிறந்த காரணத்தால் என்றும் பின் நிற்கும் இழிவும் மற்றதற்கு இல்லை. எழுத்தில் அது செய்யும் தொழில் அதன் இடத்தை வகுக்கின்றது. நாம் விட்டு வந்த வரிசையோ எந்த எழுத்திலும் சிலரை முன்னும் சிலரைக் கடையிலுமே வைத்தது. இரண்டையும் வரிசை என்னும் ஒரே சொல்லால் வழங்குவதாலே மயக்கம் உண்டாகிறது.

பகவர் சங்கத்தில் வரிசை இருந்தது. அது பிறப்பு வரிசையன்று. துறவு பூண்ட நாளின் வரிசை. முன் பூண்டவரைப் பின் பூண்டவர் வணங்க வேண்டும். சாக்கிய குலத்து இளவரசர்கள் பத்தியன், அநுருத்தன், ஆனந்தன், பகு, கிம்பிலன், தேவதத்தன் என்னும் அறுவர் துறவு பூணச் சென்றபோது, அவர்களோடு சென்றவர் உபாலி என்னும் நாவிதர். இளவரசர்கள் பகவரை வேண்டியது யாது? சாக்கியராகிய எங்கள் செருக்கு மிகப் பெரிது. ஆகவே எங்களுக்கு நெடுநாள் பணி செய்த இவரை முதலில் சங்கத்திற் சேர்த்தருளுக. நாங்கள் இவரை எழுந்து கைகூப்பி வணங்கி எங்கள் செருக்கை அழித்துக்கொள்வோம் என்று வேண்டினர். பகவர் அவ்வாறே உபாலியை முதலிற் சேர்த்தார். வரிசையை ஒழித்து அவர்களைச் சமமாக்கியிருக்கலாம் அன்றோ என்று வினவுவார்க்கு என் விடை இது: இளவரசர்களின் நெஞ்சில் இருந்த பழைய வரிசையை அழிப்பதற்குப் புதியதொரு வரிசை தேவைப்பட்டது. உபாலியே பின்னர் இராசகிருகத்து முதற் சங்கீதியில் விநயம் முழுவதையும் ஓதினார். முறைகளின் காவலராக நின்றவர் ஒரு நாவிதர். விதி என்றாலே உயர்குலத்தார் நம்மேல் சுமத்தியது என்று எண்ணும் தம்பிமார் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

படிமுறையைப் பகவரே விளக்கிய இடம் ஒன்று மத்திம நிகாயத்தில் உண்டு. சாவத்தியிலே மிகாரமாதாவின் மாளிகையில் கணக்கமொக்கல்லானன் என்னும் பிராமணக் கணக்கன் பகவரைக் கண்டு, இம்மாளிகைக்குக் கடைசிப் படிவரை ஒழுங்கு இருக்கிறது. வில்லாளிக்கும் கணக்கனுக்கும் பயிற்சியில் ஒழுங்கு இருக்கிறது. எங்கள் மாணாக்கரை ஒன்று, இரண்டு என்று நூறு வரை எண்ணச் செய்கிறோம். உங்கள் தம்மத்திலும் அத்தகைய ஒழுங்கு உண்டோ என்று கேட்டான். உண்டு என்றார் பகவர். முதலில் சீலம், பிறகு புலன்களைக் காத்தல், பிறகு அளவறிந்து உண்டல், பிறகு விழிப்போடிருத்தல், பிறகு ஒவ்வொரு செயலிலும் நினைவுடைமை, அதன் பின்னரே தனித்திருந்து தியானம். இல்லறத்தார்க்கு அவர் உரைத்ததும் இவ்வாறே. தானம் முதலில், சீலம் அடுத்து. கேட்பவன் உள்ளம் பக்குவமான பிறகே நால்வகை உண்மை.

நம்மிடையே இதற்கு மாறான வழக்கம் ஒன்று பரவி வருவதைச் சொல்லாமல் விட இயலாது. தியானப் பயிற்சிக்குப் பத்து நாள் செல்வார். வீடு திரும்பி மது அருந்துவார். வைசாகப் பௌர்ணமியன்று வெள்ளாடை உடுத்துச் சரணம் மூன்று முறை கூறுவார். அவர் மனைவியோ அவர் சினத்துக்கு அஞ்சி நடுங்குவாள். உள்ளிருப்பதை எழுதும் முன்பே மதிலை அடைத்துவிட்ட எழுத்துப் போன்றது இது. அண்ணல் அம்பேத்கர் 1954 டிசம்பர் 25-ஆம் நாள் நமக்கு அண்மையிலுள்ள தேஹு ரோடு விகாரையிலே பகவரின் திருவுருவை நிறுவினார். 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் அவர் செய்த வரிசையையும் எண்ணிப் பாருங்கள். குசிநாரா சந்திரமணி மகாதேரரிடம் முதலில் தாம் சரணமும் சீலமும் ஏற்றார். அதன் பிறகே பெருந்திரளான மக்களை நோக்கித் திரும்பி அவர்களுக்கு அவற்றை வழங்கினார். பெறாததை அவர் பிறர்க்குக் கொடுக்க முற்படவில்லை.

இங்கு மூத்தோருக்கும் ஒரு சொல். முறை வேண்டும் என்பதற்கும் முறையைப் பற்றிக்கொண்டு தொங்குவதற்கும் வேறுபாடு உண்டு. சீன எழுத்துக்குரிய கீற்று முறை எங்கும் ஒன்றன்று. ‘வயல்’ என்னும் எழுத்தின் உட்புறத்தில் ஒரு குறுக்கும் ஒரு நெடுக்கும் உள்ளன. சீனத்தார் குறுக்கை முன் எழுதுவர். ஜப்பானியர் நெடுக்கை முன் எழுதுவர். இருவர் வயலும் ஒரே வயல்தான். 1958-இல் ஜப்பானியக் கல்வி அமைச்சு ஆசிரியர்களுக்காகக் கீற்று முறை வழிகாட்டி ஒன்றை வெளியிட்டபோது, இதில் காட்டப்பெறாத பிற முறைகளைப் பிழையென ஒதுக்குவது நோக்கமன்று என்றும் அதிலேயே தெரிவித்தது. பகவரும் தம் இறுதி நாட்களில், சிறியனவும் மிகச் சிறியனவும் ஆகிய விதிகளைச் சங்கம் விரும்பினால் நீக்கிக்கொள்ளலாம் என்று ஆனந்தரிடம் கூறினார். எவை சிறியன என்று ஆனந்தர் கேட்டறியவில்லை; ஆகவே முதற் சங்கீதியில் கூடிய தேரர்கள் ஒன்றையும் நீக்காது விட்டனர். பேணியதும் நன்றே, நீக்க இசைவு இருந்ததும் மெய்யே. சடங்கும் விரதமுமே கரை சேர்க்கும் என்று பற்றுவது முதலில் அறுபட வேண்டிய மூன்று தளைகளுள் ஒன்று. பாபட் 1951-இல் சீனத்தினின்று மொழிபெயர்த்து வெளியிட்ட அர்த்தபத சூத்திரம் என்னும் பழைய நூலும், அதற்கு நேரான பாலி அட்டகவக்கமும், இப்பற்றையே மீண்டும் மீண்டும் கடிகின்றன. பாலி உச்சரிப்பில் ஓர் எழுத்துத் தவறிய சிறுவனைச் சபையில் நகைத்து நாணச் செய்யும் பெரியவர் சீலத்தைக் காக்கவில்லை. சீலத்தைக் கையிலெடுத்து அவனை அடிக்கிறார்.

பயிற்சியே இதற்கு மருந்து. சூயி அரச காலத்துச் சீனத்தில் சியோங் என்னும் பிக்கு வாழ்ந்தார். ஆயிரம் எழுத்துக்கள் கொண்ட பாடத்தை எண்ணூறு பிரதிகள் தம் கையால் எழுதிக் கீழ்நாட்டு விகாரைகளுக்கு ஒவ்வொன்றாக வழங்கினார் என்பர். தேய்ந்துபோன தூரிகை முனைகளைக் கூடைகளில் இட்டு வைத்து, அவை நிறைந்தபின் குழி தோண்டிப் புதைத்தாராம். எண்ணூறாவது முறை எழுதும்போது எது முன், எது பின் என்று அவர் நினைந்திருப்பாரோ? கை தானே சென்றிருக்கும். பொய் சொல்ல வாய் திறக்கும்போது நாலாம் சீலத்தை நினைந்து நினைந்து வாய் மூடுகிறவர்கள் நாம். நினையாமலே வாய் மெய் பேசும் நாள் வரும்வரை நினைந்துதான் ஆக வேண்டும்.

உபாலி தேரரைப் பற்றிச் சீனர் போற்றிய மரபுச் செய்தி ஒன்று இன்னும் இருக்கின்றது. பகவர் மறைந்த ஆண்டில் மழைக்காலத் தங்கல் முடிந்து பவாரணை நிகழ்ந்த பின்பு, உபாலி விநய நூலை வணங்கி அதில் ஒரு புள்ளி வைத்தார். ஆண்டுதோறும் அவ்வாறே ஒரு புள்ளி. அவருக்குப் பின் அவர் மாணாக்கர். அவருக்குப் பின் அவர் மாணாக்கர். இவ்வாறு வழிவழி வந்த நூலைச் சங்கபத்திரர் என்னும் பிக்கு கடல் வழியே சீனத்தின் தென்துறையாகிய குவாங்சௌ நகருக்குக் கொண்டு சென்றார். கி. பி. 489-இல் பவாரணை முடிந்து அவர் வைத்த புள்ளியோடு மொத்தம் 975 என்று எண்ணினர். திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்றது கி. மு. முதல் நூற்றாண்டில் இலங்கையில் ஆதலின், உபாலி புள்ளி வைத்த நூல் எது என்று வரலாற்றாசிரியர்கள் ஐயுறுகின்றனர், அவ்வையம் நியாயமானதே. ஆயினும் ஆண்டுக்கு ஒரு புள்ளி, அதுவும் பவாரணை முடிந்த பின்னரே என்ற ஒழுங்கைப் போற்றியவர்கள் இருந்தனர் என்பது அம்மரபிலிருந்தே புலனாகும்.

அச்சங்கபத்திரர் குவாங்சௌவில் சீனத்தில் மொழிபெயர்த்த விநய உரை, புத்தகோசரின் சமந்தபாசாதிகையைத் தழுவியது. அந்நூலைத்தான் நம் பாபட், ஜப்பானிய அறிஞர் அகிரா ஹிராகாவாவோடு சேர்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1917-இல் நிறுவப்பெற்ற இந்நகரத்துப் பண்டார்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனம் அதனை 1970-இல் வெளியிட்டது. 1894-இல் பிறந்த பாபட்டுக்கு அப்போது எழுபத்தைந்து வயது கடந்திருந்தது. நாவிதர் உபாலி ஓதிய விநயத்தின் உரை, சீனக் கீற்றுக்களில் பதினைந்து நூற்றாண்டுக்கு அண்மையாகத் தங்கியிருந்து, நாம் வாழும் ஊருக்கு இவ்வாறு வந்து சேர்ந்தது.

புள்ளிகள் என்னவாயின என்று கேட்பீர்கள். கி. பி. 535-இல் துறவு பூணாத சாவோ போசியு என்னும் அன்பர் லூ மலையில் ஹொங்து என்னும் விநய ஆசிரியரைக் கண்டு, அப்புள்ளிக் குறிப்பைப் பெற்றார். 489-ஆம் ஆண்டோடு புள்ளிகள் நின்றிருத்தலைக் கண்டு, அதன் பிறகு ஏன் ஒருவரும் வைக்கவில்லை என்று வினவினார். அதுவரை புள்ளி வைத்தவர்கள் மெய்ந்நிலை எய்திய தூயோர். நானோ எளிய மனிதன். தலைமேல் வைத்துப் போற்றலாமேயன்றிப் புள்ளி வைக்கத் துணியேன் என்று விடையிறுத்தார் ஹொங்து. அவருடைய அடக்கம் பெரிது. ஆயின் போசியு அவ்வளவில் நிற்கவில்லை. நூலில் புள்ளி வைக்க அவரும் துணியவில்லை. பழைய புள்ளிகளின் கணக்கை எடுத்துக்கொண்டு, நின்றுபோன ஆண்டிற்கு அடுத்த ஆண்டிலிருந்து ஒவ்வொன்றாகத் தம் காலம் வரை எண்ணிக்கொண்டு வந்தார்.